இன்னொரு தடவை சொல்லுங்க

தைவானின் தைனான் நகரத்தில், இணைய இணைப்புத் தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் பெய்யுன்தான் ரவுட்டர்களுக்குப் பொறுப்பு. அன்று காலை அதில் ஒரு ரவுட்டர் மூச்சு முட்டிக் கிடந்தது. இணையத்தில் எந்த இடத்துக்கு எந்த வழி என்று, அதோடு இணைந்த பக்கத்து நிறுவனங்கள் சொல்வதையெல்லாம் அது அப்படியே ஒரு நகலாகவும் வைத்துக்கொண்டிருந்தது. வழிகளைத் தேர்ந்தெடுக்கும் விதியை மாற்றினால் அந்த நகலைப் பார்த்து வழிகளை மறுபடி சலித்தெடுக்கலாம். அந்த நகல்தான் நினைவகத்தை அடைத்தது.

"புது ரவுட்டரா? அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று மேலாளர் கைவிரித்துவிட்டார்.

பெய்யுன் நகலை நீக்கிவிட்டாள். ரவுட்டருக்கு உயிர் வந்தது. ஆனால் அதன்பின் விதியை மாற்றும்போதெல்லாம் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இருந்த இணைப்பைத் துண்டித்து, திரும்பக் கோத்து, முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை துண்டித்ததுமே அங்கே ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் குவோபின் போனில் கத்தினார்.

"என்னம்மா, இணைப்பா இல்ல ஊஞ்சலா? எங்க ஆளுங்க எல்லாம் என்னைத்தான் பிடிச்சு உலுக்குறாங்க!"

"அண்ணே, துண்டிக்காமலே 'இன்னொரு தடவை சொல்லுங்க'னு கேக்க வழி இருக்கே. நீங்கதான் அதை அணைச்சு வச்சிருக்கீங்க."

"அணைச்சுதான் வைப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பெய்யுன் ஸ்கூட்டரை எடுத்தாள். வழியில் பூசணித் தேநீர் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு நேரே அவர் அலுவலகத்தில் போய் நின்றாள். குளிர்ந்த கோப்பை கைக்கு வந்ததும் குவோபினின் குரலும் சற்று இறங்கியது.

"முன்னாடி இன்னொரு நிறுவனத்துக்காரன் ஒருத்தன் இப்படிக் கேக்குறதுக்கு நிரல் எழுதி விட்டான். அது ஓயாம 'சொல்லு, சொல்லு'னு நச்சரிச்சு என் ரவுட்டர் படுத்துருச்சு. அந்தப் பழியும் என் தலையிலதான்."

அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறார் என்பது பெய்யுனுக்கு அப்போதுதான் புரிந்தது. போனில் அவரோடு சண்டை போட்டதற்காக வெட்கப்பட்டாள்.

"நிரலே கிடையாதுண்ணே. நானே கையால கேப்பேன். கேக்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவேன்."

"ஆனா இதை இயக்கவும் ஒரு தடவை துண்டிக்கணுமே?"

"மதியம் சாப்பிட்டதும் ஆபீஸ்ல எல்லாரும் கொஞ்ச நேரம் தூங்குவாங்கல்ல?"

குவோபின் வாய்விட்டுச் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து விளக்குகள் அணைந்தன. மேசைகளில் தலைகள் சாய்ந்தன. குவோபின் அந்த வசதியை இயக்கி, இணைப்பைத் துண்டித்துக் கோத்தார். இணையத்தில் நாடகம் ஓடவிட்டுத் தூங்கிய கணக்காளர் மட்டும் சத்தம் நின்றதும் விழித்து, "யாரு நிறுத்தினது?" என்றார். பதில் சொல்வதற்குள் நாடகம் திரும்ப ஓடியது. அவர் மறுபடி கவிழ்ந்துகொண்டார்.

பெய்யுன் தன் மடிக்கணினியில் விதியை மாற்றினாள். "அண்ணே, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டாள். வழிகளெல்லாம் புதிதாக வந்து இறங்கின. இணைப்பு அசையவில்லை. கணக்காளரின் நாடகத்தில் யாரோ ஒருத்தி விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?" குவோபினுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னொரு தடவை கேளு பாக்கலாம்."

கேட்டாள். இணைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

விளக்கு எரிந்ததும் குவோபின் போனை எடுத்துத் தன்னுடைய இன்னொரு பக்கத்து நிறுவனத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த 'இன்னொரு தடவை சொல்லுங்க' வசதியை ஏன்யா அணைச்சு வச்சிருக்கே? பழைய காலத்துலயே இருக்கியே!"

பெய்யுன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள்.