சுவர் வேர்த்த கோடை

“அம்மா, சுவத்துல இருக்கற சாமிக்கு வேர்க்குமா?”

ஜானுவுக்கு அப்போது ஆறு வயது. கூடத்துச் சுவரில் அவள் அம்மா சாவித்ரி இட்டிருந்த குங்குமப் பொட்டு ஈரத்தில் கரைந்து, மெல்லிய கோடாக வழிந்திருந்தது. அதற்குக் கீழே, பழைய வேட்டியில் கட்டிய தூளியில், சுவரைத் தொட்டும் தொடாமலும் அவள் தம்பி ஹாலாஸ்யம் தூங்கிக்கொண்டிருந்தான்.

“சாமிக்கு வேர்க்காதுடி. அது அம்பாளோட கருணை. கையை வைக்காதே” என்றாள் சாவித்ரி. சொல்லிவிட்டுத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்ப் பானையின் வயிற்றைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது. வெளியே எழுபத்தெட்டாம் வருஷத்துக் கத்தரி வெயில் மதுரையை வறுத்துக்கொண்டிருந்தது.

கருணை என்று அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஹாலாஸ்யம் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. உள்ளங்கையில் ஏந்தினால் கனம் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, “இவனுக்குச் சூடு ஆகாது. இந்தக் கோடையைத் தாண்டிட்டா பயமில்லை. வீட்டில் எந்த இடம் குளிர்ச்சியோ அங்கே போடுங்க” என்று சொன்னார். தாண்டாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, சாவித்ரியும் கேட்கவில்லை.

மஹால் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது? கூடத்தின் மூன்று பக்கமும் வெயில் அறைந்தது. நான்காவது சுவர் அடுத்த வீட்டோடு பொதுவானது; அதில் வெயில் படாது. ஆனால் அந்தப் பக்கம் ராதாமணியின் அடுப்படி. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம். விறகடுப்பைச் சுவரை ஒட்டியே கட்டியிருந்தார்கள். அடுப்பு எரியும் நேரமெல்லாம் இந்தப் பக்கம் சுவர் தோசைக்கல்லாகக் காயும்.

“ராதாமணி அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கட்டுமா?” என்று சாவித்ரியின் கணவர் சுப்பராமன் ஆஸ்பத்திரியிலேயே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நன்னாருக்கு! உங்காத்து அடுப்பை அணைச்சு வையுங்கோன்னு ஒருத்தர்ட்ட வாயால சொல்லுவாளா? அடுப்பு மூட்டாத வீடுன்னா என்ன அர்த்தம்னு தெரியாதா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியும். அடுப்பு மூட்டாத வீடு என்றால் துக்கம் விழுந்த வீடு. இல்லையென்றால் அரிசி இல்லாத வீடு. மங்கலமாக வாழும் ஒரு குடும்பத்திடம் போய் அப்படிக் கேட்பதைவிடக் குழந்தையை மடியிலேயே வைத்து விசிறிக்கொண்டு கிடக்கலாம் என்று சாவித்ரி முடிவு செய்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கோயில் கோபுரம் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். தாயே, எனக்கு ஒரு நிழல் கொடு என்றாள்.

வீட்டுக்கு வந்து தூளியைக் கட்டுவதற்காகச் சுவரில் கை வைத்தவள், கையை எடுக்கவே இல்லை. சுவர் குளிர்ந்திருந்தது. மறுநாளும் குளிர்ந்திருந்தது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பினார்; கத்தரி பிறந்தது; ஊரில் காக்கைகூட வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. அந்தச் சுவர் மட்டும் குளிர்ந்தே இருந்தது. அவள் அழுதாள். பிறகு குங்குமம் எடுத்து ஒரு பொட்டு இட்டு, தினமும் அதற்கு ஒரு பூ வைத்தாள்.

அதே நாட்களில்தான் ஜானு இன்னொரு சேதியும் கொண்டுவந்தாள்.

“அம்மா, ராதா மாமி ஆத்து அடுப்புக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு!”

“அடுப்புக்குள்ளயா?”

“சாம்பல் மேலயே படுத்துண்டிருக்கு. நான் தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருக்கு சாம்பல்.”

அடுப்பில் பூனை உறங்குகிறது என்று ஊரில் எதற்குச் சொல்வார்கள் என்று சாவித்ரிக்குத் தெரியாதா! சோறு வேகாத வீட்டுக்கு. ராதாமணியின் கணவர் பாலசுந்தரம் ஓயாமல் தறியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் நூல் கிடைக்கவில்லை, சேலை போகவில்லை என்று குழாயடியில் பேச்சு அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. பாவம், ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு நாள் தன் காலடியில் உட்கார்ந்திருந்தவள், டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தன்னோடு கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது வாய் திறக்காமல் பட்டினி கிடக்கிறாளே.

கேட்டால் அவமானப்படுவாள். அதனால் கேட்கவில்லை. தன் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றினாள். பதினொரு மணி வெயிலில் பருப்பை வேகவைத்து, புளியைக் கரைத்து, நெய்யில் தாளித்து, கொதிக்கக் கொதிக்க ரசமும் சாதமும் தூக்குவாளியில் போட்டு ஜானுவிடம் கொடுத்தனுப்பினாள். “அதிகமாப் பண்ணிட்டா அம்மா, வீணாப் போயிடும்னு கொடுத்தான்னு சொல்லு.”

காலி வாளி தினமும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. சில நாள் அதற்குள் நாலு வெள்ளரிப் பிஞ்சு இருக்கும்.

அன்று வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. சந்தின் தார் இளகிக் காலில் ஒட்டியது. “நான் போகமாட்டேன், கால் பொரியறது” என்று ஜானு அடம் பிடித்தாள். அவளைத் தம்பிக்குக் காவல் வைத்துவிட்டு, சாவித்ரியே தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ராதாமணி வீட்டு வாசல்படி தாண்டியதில்லை. ஆசாரம் என்று ஒன்று இருந்தது. பேச்செல்லாம் குழாயடியோடு சரி.

அந்த வீட்டின் வாசல் அடுத்த சந்தில். இரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று தலைகீழ், இதன் முன்பக்கம் அதன் பின்பக்கம்; நடுவில் நீளமாக ஒரே சுவர். நுழைந்ததும் தறி போட்ட அறை. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, முதுகில் ஈரத் துண்டோடு பாலசுந்தரம் உட்கார்ந்திருந்தார். அறுந்த இழை ஒன்றை எச்சில் தொட்டு முடிந்துகொண்டிருந்தார்.

“அடியே, மாமி ரசம் வருது! எல்லாரும் விசிறிய எடுத்துக்கங்க!” என்று உள்ளே பார்த்துக் கத்தியவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “மாமியா! பாப்பான்னு நெனச்சேன். வாங்க, வாங்க. தப்பா எடுத்துக்கிறாதீங்க. உங்க ரசத்தக் குடிச்சா ஒடம்புல இருக்க தண்ணியெல்லாம் வெளிய வந்துருது. குளிச்ச மாதிரி இருக்கு.”

உள்ளேயிருந்து ராதாமணி அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ அதட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த இழையைத் தேடினார். “காஞ்ச சூட்டுல நூலு அம்புட்டும் அறுந்து அறுந்து போகுது, மாமி. பாத்து வாங்க, பாவு நூல்ல கால் படாம.”

தறிக்கும் சுவருக்கும் நடுவே ஒற்றை ஆள் நுழையும் இடம்தான். சாவித்ரி சுவரில் கையை ஊன்றினாள். சுரீர் என்று இழுத்துக்கொண்டாள்.

சுவர் கொதித்தது.

அந்த இடத்துக்கு நேர் அந்தப் பக்கம் எது என்று யோசிக்க அவளுக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. அது அவளுடைய அடுப்பு. பெரிய பாத்திரம் ஏற்றிய அடுப்பு. அதற்கு ஒரு முழ தூரத்தில்தான் இந்த மனிதர் பகல் முழுதும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

“நின்னுட்டீங்களே மாமி, உள்ள வாங்க” என்று ராதாமணி கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே நுழைந்ததும் சாவித்ரிக்குக் கோயில் கர்ப்பக்கிருகத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. அப்படி ஒரு குளிர்ச்சி. அப்படி ஒரு அமைதி. ஓரத்தில் அரிசி மூட்டை சாய்ந்திருந்தது. குறைவொன்றும் இல்லை. தரையில் மத்தியானச் சாப்பாடு வரிசையாகக் காத்திருந்தது. விடியுமுன் கொல்லையில் மூன்று செங்கல்லைக் கூட்டி வடித்த சோறு, மண்பானையில் நீரூற்றிக் கிடந்தது. சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தது. ஊறிய பாசிப்பருப்பில் மாங்காயும் தேங்காயும் சீவிப் போட்டிருந்தது. மோரில் அவல் ஊறிக்கொண்டிருந்தது. அதன்மேல் கறிவேப்பிலை மிதந்தது. கீறிய வெள்ளரிப் பிஞ்சு, ஒரு சொம்பில் சுக்குத் தட்டிப் போட்ட பானகம். எதிலும் நெருப்பு பட்ட வாடை இல்லை. தெய்வத்துக்குப் படைக்க வைத்ததுபோல் எல்லாம் தன் நிறத்தோடேயே இருந்தன.

அடுப்பில் பூனை தன் குட்டிகளோடு தூங்கியது.

அடுப்புக்கு மேலே, சுவரை முழுதும் மறைத்து, ஒரு தறித்துணி தொங்கியது. கரை போடாத வெள்ளைத் துணி. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கீழே ஒரு அண்டா. அதற்குள் துளித்துளியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அண்டாவில் ஒரு செம்பு மிதந்தது. காலையிலிருந்து மாலைவரை யாரோ அந்தச் செம்பால் மொண்டு மொண்டு துணியில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

சாவித்ரி அந்தத் துணியைப் பார்த்தபடி நின்றாள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. அதற்குக் கீழே தூளி இருக்கிறது.

“அக்கா...” என்றாள்.

“இந்த வெயில்ல எவ மாமி அடுப்படியில கெடந்து வேகுறது? எனக்கு ஒடம்பு முடியல, அதான்” என்றாள் ராதாமணி, துணியைப் பார்க்காமலேயே. “பிள்ள இப்பப் பால் குடிக்கிறானா?”

“குடிக்கறான்.”

“அழுகச் சத்தம் பெருசாத்தான் கேக்குது. நல்லா அழுகட்டும். அவரு சொல்றாரு, தறி சத்தத்த விட ஜாஸ்தியா இருக்காம்.”

“நான் தினம் ரசம்...”

“ரசத்துக்கு என்ன! இவரு சும்மா கேலி பேசுவாரு. பிள்ளைங்க சட்டியக் கவுத்து நக்குதுங்க. பச்ச ஒடம்போட இம்புட்டுச் சிரமப்பட்டுச் செஞ்சு குடுக்குறீங்க, வேணாங்க முடியுமா?”

சாவித்ரி வாளியைக் கீழே வைத்தாள். ராதாமணி நீட்டிய பானகத்தை, முதன்முறையாக அந்த வீட்டில், வாங்கிக் குடித்தாள். ஆசாரம் அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை. தொண்டையில் இறங்கிய குளிர்ச்சியோடு ஒன்று மட்டும் விளங்கியது. அவள் வேண்டியதை அம்பாள் கேட்டுத்தான் இருக்கிறாள். கேட்டுவிட்டு, சுவருக்குள் புகவில்லை; ராதாமணியின் கையில் ஒரு செம்பைக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கை அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவித்ரி நன்றிக்குக் கட்டுப்பட்டவளாகிவிடுவாள். அந்தச் சுமைகூடப் பிள்ளை பெற்றவளுக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கிறது.

நன்றி என்று வாயைத் திறந்தால் அதையெல்லாம் உடைத்ததாகிவிடும். “வரேன் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியுமுன் குமுட்டி அடுப்பைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய்ச் சாதம் வடித்தாள். மத்தியானம் இலையில் பாசிப்பருப்புக் கோசுமல்லி, தயிர் கலந்த சாதம், மாவடு, நீர்மோர் விழுந்தன.

“என்னடி, இன்னிக்கு ராமநவமியா?” என்றார் சுப்பராமன். “அது போன மாசமே போயாச்சே.”

“வெயில் தணியற வரைக்கும் நம்மாத்துல தினம் ராமநவமிதான். ஏன், ரசம் வேணுமா?”

“ஐயோ, வேண்டாம். இதுவே வயத்துக்கு ஹிதமா இருக்கு. சூடா ஏதாவது சாப்பிடணும்னா கட்டில்ல உக்காந்தாப் போறும், கட்டிலே கொதிக்கறது” என்று அவர் இரண்டாவது முறை மோர் வாங்கிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. தூக்குவாளியில் அன்று பானகம் போயிற்று. அந்த வீட்டில் யாரும் விசிறியை எடுக்கவில்லை என்று ஜானு வந்து சொன்னாள்.

வைகாசி கடைசியில் டாக்டரம்மா ஹாலாஸ்யத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கை வலிக்குதே, என்ன கொடுத்தீங்க இவனுக்கு?” என்று சிரித்தார். “இனிமே பயமில்லை. எங்கே வேணும்னாலும் போட்டு வளருங்க.” அன்று மாலை சாவித்ரி கோயிலுக்குப் போய்வந்து, ராதாமணியிடம் பிரசாதம் கொடுத்தாள். ராதாமணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் காலை அவள் அடுப்பிலிருந்து புகை கிளம்பியது. பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு கொல்லைக்குப் போயிற்று. தூளி கூடத்தின் நடுவுக்கு நகர்ந்தது.

சாவித்ரி மட்டும் அடுப்பு மூட்டவில்லை. மழை இன்னும் வரவில்லை. தறியில் சேலையும் முடியவில்லை.

சுப்பராமன் ஆபீசுக்குப் போயிருப்பார். ஜானு தம்பிக்குப் பக்கத்தில் தூங்கிப்போயிருப்பாள். அந்த நேரத்தில் சாவித்ரி தன் பழைய ஒன்பது கஜப் புடவையை வாளியில் முக்கி எடுத்து, அடுப்பு மேடைக்கு மேலே, சுவரோடு சுவராகத் தொங்கவிடுவாள். காயக் காயச் செம்பால் மொண்டு ஊற்றுவாள். சுப்பராமன் வரும் நேரம் பார்த்து எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிடுவாள்.

அன்றும் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி தட்டும் சத்தம் சீராக வந்தது. முன்பெல்லாம் அடிக்கடி நின்று நின்று கேட்கும். அறுந்த இழையை முடிச்சுப் போடும் நேரம் அது. இப்போது நிற்காமல் கேட்டது.

பிறகு ஒருமுறை நின்றது. பாலசுந்தரத்தின் குரல் சுவர் வழியாக மெல்லக் கேட்டது.

“ஏ ராதா, மழை எங்கயோ கிட்டக்க வந்துருச்சு போல. தொட்டுப் பாரு, சுவரு எம்புட்டுக் குளுந்து கெடக்கு!”

சாவித்ரி செம்பைச் சத்தமில்லாமல் வாளிக்குள் வைத்தாள். ஈரப் புடவையின் மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தறி மறுபடி தட்டத் தொடங்கியதும், குனிந்து அடுத்த செம்பு மொண்டாள்.