கார்கிவ் பிடி

“எனக்குக் கீவ் பிடிதான் பழக்கம், மடியில பக்கவாட்டா நிறுத்தி வாசிக்கிறது. அதுக்கேத்த மாதிரி ஒரு பந்துரா செஞ்சு குடுங்க.”

“ஆகட்டும் டீச்சர். ஆனா வில்லோ மரம் நல்லா காயணும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“காயுற வரைக்கும்.”

வாத்தியம் செய்யும் லுக்யானும் நானும் முதன்முதலில் பேசியது அவ்வளவுதான். அதன்பின் அந்த உக்ரேனியக் கம்பி வாத்தியம், என் பந்துரா, எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் சாக்கில், பொல்தாவா இசைப்பள்ளியில் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய பட்டறைக்கு பஸ் ஏறினேன்.

இன்று கம்பி கட்டும் நாள். கட்டி முடித்துவிட்டால் இங்கே வர எனக்குக் காரணம் இருக்காது.

“மரமே காஞ்சிருச்சு. இவன் வாய் திறக்கத்தான் இன்னும் எத்தனை வருஷமோ,” என்றபடி அவருடைய அக்கா பராஸ்கா செர்ரிப் பூரணம் வைத்த வரேனிகிக் கொழுக்கட்டைத் தட்டை வைத்தார்.

“நீ சும்மா இரு அக்கா.” லுக்யானின் காது சிவந்துவிட்டது.

கம்பிகளை முறுக்கும் பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகினார். கடைசிக் கம்பி விறைத்தபோது முகப்பலகை ‘க்ரக்’ என்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் பலகை முழுவதும் விரலால் தடவிப் பார்த்தார்.

“தாங்கிருச்சு.”

பந்துராவை வாங்கி, என் வழக்கப்படி மடியில் பக்கவாட்டாக நிறுத்தினேன். நிற்கவில்லை, சாய்ந்தது. முதுகைத் தடவிப் பார்த்தேன். அது நெஞ்சோடு அணைத்துக்கொள்வதற்காகக் குடைந்த முதுகு.

“என்னங்க இது? கார்கிவ் பிடிக்குச் செஞ்சிருக்கீங்க.”

“ஆமா.”

“தப்பாச்சே?”

“தப்பில்லம்மா, மரம் ஈரமா இருக்கறப்பவே இப்படித்தான் செய்யணும்னு இவன் முடிவு பண்ணிட்டான்,” என்றார் பராஸ்கா, வாய் நிறைய வரேனிகியோடு.

லுக்யான் பந்துராவை என் நெஞ்சோடு சேர்த்துத் திருப்பி வைத்தார். என் இடது கையைப் பிடித்து, மேல் விளிம்பைத் தாண்டி உச்ச ஸ்தாயிக் கம்பிகளின்மேல் வைத்தார். கீவ் பிடியில் இத்தனை வருடங்களாகத் தடித்த பாஸ் கம்பிகளோடு நின்றுவிட்ட கை அது. மீட்டினேன். இரண்டு கைகளுக்கும் எல்லாக் கம்பிகளும் எட்டின; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை.

“இதை நான் முதல்லேருந்து கத்துக்கணுமே. யார்கிட்ட போவேன்?”

“இந்தப் பக்கத்துல இப்படி வாசிக்கிறது நான் ஒருத்தன்தான்.” அவர் என் கையை இன்னும் விடவில்லை. “சனிக்கிழமை மட்டும் வந்தா பத்தாது டீச்சர்.”

“அப்புறம்?”

பராஸ்கா மெல்லுவதை நிறுத்தினார்.

“உஸ்தினா, என்னைக் கட்டிக்கிட்டு இங்கேயே இருந்துடறீங்களா?”