பலூனுக்குப் பிறகு கழுத்து

கண் விழித்தபோது அவனுடைய வலக்கையைக் காணவில்லை. தேடினால், கன்னத்துக்கு அடியில் மணிக்கட்டு மடங்கிக் கிடந்தது. இடக்கையால் அதை உருவி எடுத்தான். யாருடைய கையையோ தொட்டது போலிருந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போயிருந்தன. சுண்டுவிரல் மட்டும் ஒன்றும் அறியாதது போல ஆடியது. உதறினான். மெதுவாக எறும்பு ஊர்ந்து, பாதி உயிர் வந்தது. மனைவி தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டான்.

அவன் அப்பா பக்கவாதம் வந்து படுத்தவர். அது விரலில்தான் தொடங்கும் என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான். டாக்டரிடம் போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதனால் போகவில்லை. மருந்துக்கடையில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை வாங்கினான். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குப் பாதி வழி வரும். உள்ளே தகடு வைத்தது. காலையில் கடைக்குப் போகும்போது மாட்டுவான். ராத்திரி படுக்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றுவது போல அதையும் கழற்றி ஜன்னல் ஓரம் வைத்துவிடுவான்.

அவன் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். சவரம் செய்தால் ஆள் தூங்கிவிடுவதால் ஊரில் அவனுக்கு மெத்தை என்று பெயர். கூட வேலை செய்தது மனைவியின் தம்பி. அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கத்தி பிடிக்கப் பழகுகிறவர் முதலில் ஊதிய பலூனில் நுரை தடவி வழிக்க வேண்டும். பலூன் உடையாத நாள் வந்த பிறகுதான் மனிதக் கழுத்து. மச்சான் பழகிய காலத்தில் கடையில் ஒரே வெடிச்சத்தம்.

கொஞ்ச நாளாகவே மெத்தை, கையில் சுளுக்கு என்று சொல்லி, கத்தரியை மட்டும் எடுத்துக்கொண்டு, சவரத்தை மச்சான் பக்கம் தள்ளிவிட்டிருந்தான்.

"என்ன மாமா, சுளுக்கு கத்திக்கு மட்டும்தான் வருமா?" என்றான் மச்சான்.

"வேலையப் பாருடா."

பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் மசியவில்லை. "எனக்கு மெத்தைதான் வேணும். உன்கிட்ட உட்கார்ந்தா பிரேக்ல கால் வெச்சுக்கிட்டே இருக்கணும்."

"உங்க பஸ்ல நாங்க அப்படித்தாண்ணே வர்றோம்."

கடையே சிரித்தது. மெத்தையும் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நுரை தடவுவதற்குள் டிரைவர் கண்ணை மூடிவிட்டார். தலை பின்னால் சாய்ந்து, குரல்வளை மேலே எழும்பி நின்றது. கத்தி கையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவனால் தெரிந்துகொள்ள முடிந்தது. கத்தியைப் பார்த்தால் கழுத்து தெரியவில்லை. கழுத்தைப் பார்த்தால் கத்தி இருக்கிற நினைப்பில்லை. தாடை முடிந்தது. கழுத்துக்கு இறங்கினான். விரல்களுக்குள் கத்தி ஒருமுறை புரண்டது. நழுவவில்லை என்று பார்த்து மூச்சு விட்டான்.

அப்போது வெள்ளை நுரையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

டிரைவர் அசையவில்லை. செத்துவிட்டாரா? துண்டை எடுத்து நுரையைத் துடைத்தான். தோல் முழுசாக இருந்தது. துடைத்த இடத்தில் மறுபடியும் சிவப்பு. கழுத்தில் எங்கேயும் காயம் இல்லை. ஆனால் ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

மச்சான் வந்து கையைப் பிடித்தான். "மாமா, உங்க விரலு."

கட்டைவிரலின் சதை பிளந்து தொங்கியது. வலி துளியும் இல்லை. டிரைவரின் கழுத்தே வெட்டுப்பட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருப்பானா தெரியாது. அந்த விரல் நிஜமாகவே போய்விட்டது என்று நினைத்தான்.

விரலில் தையல் போட்ட கையோடு மச்சான் அவனைக் கை டாக்டர் அம்மாவிடம் இழுத்துப் போனான். அவர் மணிக்கட்டின் நடுவில் விரலால் தட்டினார். நடுவிரல் வரை மின்சாரம் ஓடியது. புறங்கைகளை ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கப் பிடிக்கச் சொன்னார். நிமிஷம் ஆவதற்குள் விரல்கள் மரத்தன.

"பக்கவாதமா டாக்டர்?"

"அது வந்தா சுண்டுவிரலுக்கு மட்டும் சலுகை குடுக்காது." டாக்டர் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "இங்க சின்னச் சின்ன எலும்பா ஒரு குழி இருக்கு. மேல ஒரு நார் கூரை மாதிரி மூடியிருக்கும். விரலை மடக்குற நாண் எல்லாம் அந்த வழியாத்தான் போகணும். கூடவே ஒரு நரம்பும் போகுது. உங்களுக்கு அங்க வீங்கி, நரம்பு நசுங்குது. பட்டையை எப்பப் போடுறீங்க?"

"வேலை நேரத்துல. ராத்திரி கழட்டிருவேன்."

"தலைகீழா செஞ்சிருக்கீங்க. தூக்கத்துலதான் கையை மடக்கி நசுக்குறீங்க. பகல்ல அந்தத் தகட்டோட மல்லுக்கட்டி வேலையும் பாத்திருக்கீங்க. முன்னாடியே வந்திருந்தா ராத்திரிப் பட்டையோட போயிருக்கலாம். இப்ப அந்தக் கூரையை வெட்டி விடணும்."

"கத்தி போடணுமா?"

"நீங்க கேக்குறீங்களா இதை?" என்றார் டாக்டர்.

அன்று இரவு பட்டையை மனைவியே எடுத்து அவன் கையில் இறுக்கினாள். "இத்தனை நாளும் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றாள் திரும்பிப் படுத்துக்கொண்டு.

அறுவை மேசையில் கை மட்டும் மரத்திருந்தது, மனசு மரக்கவில்லை. தன் மணிக்கட்டுக்கு மேல் கத்தி நிற்பதைப் பார்த்தபோது, நாற்காலியில் கண் மூடித் தூங்கியவர்களெல்லாம் எவ்வளவு தைரியசாலிகள் என்று தோன்றியது.

விரலுக்கு உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆயின. அதுவரை டிரைவர் தாடி வளர்த்தார். ஒரு நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்தார். மெத்தை கத்தியை எடுக்கப் போனான். மச்சான் நடுவில் வந்து நின்றான். கையில் ஊதிய பலூன்.

"கடைச் சட்டம், மாமா."

"உடைஞ்சா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார் டிரைவர்.

"உடைஞ்சா நீங்க என்கிட்டதான்."

மெத்தை பலூனில் நுரை தடவிக் கத்தியை வைத்தான். கத்தி முடிச்சைச் சுற்றி இறங்கியபோது ரப்பரின் மெல்லிய அதிர்வு கட்டைவிரலுக்கு வந்தது. நடுங்குவது பலூனா தானா என்று தெரியவில்லை. ஆனால் நடுக்கம் விரலுக்குத் தெரிந்தது. நுரையை முழுக்க வழித்த பிறகும் பலூன் உருண்டையாகவே இருந்தது.

டிரைவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

மெத்தை கத்தியைக் கழுவினான். தன் விரலைப் பார்த்தான். அந்தக் கழுத்தைப் பார்த்தான்.

"இன்னொண்ணு ஊதுடா" என்றான்.