ஈஸ்டர் திங்களும் நீல மெழுகும்

"கோடையில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பஸ் ஓட்டுவேன்."

"பஸ் ஓட்டாதப்ப?"

"பனிக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன். மனுஷனுக்கு வேற என்ன வேலை?"

போன ஜனவரியில் நானும் ஹால்வரும் பேசிக்கொண்டது இது. சறுக்கு மலையின் தொங்கு நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வாடகைக்கு எடுத்த கனத்த ஸ்கீக்கள், பனியில் சறுக்குகிற அந்த நீளப் பலகைகள், எங்கள் கால்களிலிருந்து தொங்கின. கீழே மரங்களின் உச்சிகள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. காட்டுத் தடத்தில் ஸ்கீ போட்டு நடை நடையாகப் போகத்தான் எனக்குத் தெரியும். மேலே ஏற்றிக்கொண்டுபோய் விட, அங்கிருந்து தலைதெறிக்க இறங்குவதெல்லாம் என் வயதுக்கு ஆகாது என்று நான் சொல்லிவிட்டேன். அதற்காகவே என்னை அங்கே கூட்டி வந்திருந்தார். அன்று சின்னப் பிள்ளைகளின் சரிவில் 'கலப்பை' போட்டு இறங்கக் கற்றுக்கொண்டேன். ஸ்கீக்களின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகல விரித்து, பனியை உழுதபடி வேகத்தைக் குறைப்பதற்கு எங்கள் ஊரில் கலப்பை என்றுதான் பெயர். ஒருமுறை இறங்கியதும் இன்னொரு முறை போகலாமா என்று நானே கேட்டேன். சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனதில் தங்கியது அந்தப் பதில்தான். பனிக்காகக் காத்திருப்பேன் என்றவர், உங்களுக்காகவும் என்று இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழே முயல் போன தடம் தெரியுது பாருங்க என்று கோலால் காட்டினார்.

எங்கள் வால்திரெஸ் மலைப்பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கடைத்தெருவில் எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகிற ஆள், அதே நாள் காட்டுத் தடத்தில் பார்த்தால் கோல்களை ஊன்றி நின்று முழங்கால் வலியிலிருந்து மருமகள் சண்டை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஹால்வர் அப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் தலைவர். நான் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறேன். கோடையில் வாரம் தவறாமல் வருவார். "கம்பு ரொட்டி ஒண்ணு" என்பார். "வெட்டித் தரவா?" என்பேன். "ம்" என்பார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதே மனிதர்தான் பனிக்காலத்து ஞாயிறுகளில் தன் மனைவி கடைசி நாட்களில் மருத்துவமனையில் என்ன பாட்டு முணுமுணுத்தாள் என்று எனக்குச் சொன்னவர். என் விவாகரத்தைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து, பக்கத்துத் தடத்திலேயே வந்தவர்.

பனி விழுந்தால் ஹால்வர் எனக்கு உண்டு. பனி உருகினால் இல்லை. இதுதான் எங்கள் ஏற்பாடு. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, அதனால் மாற்றுவதற்கும் வழி தெரியவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு வசந்தத்திலும் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஈஸ்டர் திங்களோடு மலைமேல் தடம் போடும் வண்டி நின்றுவிடும். தலைநகரத்துக்காரர்கள் தங்கள் விடுமுறை மரவீடுகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதுதான் அந்த வருஷத்தின் கடைசிச் சறுக்கு. அன்று காலை நான் காபி போடும்போதே என் தங்கை எல்ஃப்ரித் போன் பண்ணினாள்.

"அக்கா, இன்னைக்காவது கேப்பியா?"

"எதை?"

"எதையாம். இப்படியே இருந்தா அடுத்த டிசம்பர் வரைக்கும் அந்த ஆளுக்கு ரொட்டி வெட்டிக் குடுத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அவர் மனசுல என்ன இருக்கோ யாருக்குத் தெரியும்?"

"அதுக்குத்தானே கேக்கச் சொல்றேன். நீ கேக்கலைன்னா நான் பஸ்ல ஏறி கேட்டுடுவேன். டிக்கெட் எடுத்துட்டே கேப்பேன்."

செய்யக்கூடியவள்தான். போனை வைத்த பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. வெளியே போய்ப் பனியைத் தொட்டுப் பார்த்தேன். பகலில் உருகி இரவில் உறைந்து, பல வாரத்துப் பழம்பனி கல்லுச் சர்க்கரை மாதிரி நறநறத்தது. ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் தேய்க்கிற கட்டி மெழுகு இந்தப் பனிக்கு நிற்காது. கெட்டியாகப் பிடிக்கப் பசைதான் வேண்டும். குழாயிலிருந்து பிதுக்கி ஸ்கீயின் அடியில், கால் மிதிக்கிற இடத்தில் தடவுகிற அந்தப் பசை ஒருமுறை விரலில் பட்டால் கையுறை, கதவுப்பிடி, தலைமுடி எல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஓயும். அடுப்பங்கரையில் ஸ்கீக்களைச் சூடாக்கி, நானே தடவி, வெளியே குளிரில் சாத்தி வைத்தேன். அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது. இத்தனை குளிர்காலமாக என் ஸ்கீக்கு மெழுகு போட்டது ஹால்வர்தான். கார் நிறுத்துமிடத்தில் கட்டைமேல் இரண்டு ஜோடியையும் கவிழ்த்துப் போட்டு, முதலில் என்னுடையதைத் தேய்ப்பார். அது அவர் எனக்குச் செய்கிற ஒரே உபசாரம். கேட்கப் போகிற நாளில் அதைத் தட்டிவிட்டேனே.

நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போனபோது அவர் நீல மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் ஸ்கீயைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"பசையா?"

"காலையில சும்மா இருந்தேன். போட்டுட்டேன்."

"நான் போட்டுத் தர மாட்டேன்னா சொன்னேன்?"

"அப்படி இல்ல, ஹால்வர். பனி கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்கும் போடட்டுமா? குழாய் பையிலேயே இருக்கு."

"சைபருக்குக் கீழ மூணு டிகிரி. சைபருக்குக் கீழன்னா நீலம். எங்கப்பா காலத்துலேர்ந்து நீலம்." மெழுகைப் பூசி, தக்கைக் கட்டையை எடுத்துத் தன் ஸ்கீயைப் பரபரவென்று தேய்த்தார். "அந்தச் சனியனைத் தொட்டா என் நாயே என்னைக் கண்டா ஓடும்."

அவரிடம் நாய் இல்லை. வாதத்துக்காக அவ்வப்போது ஒன்றை வளர்ப்பார்.

மரங்களைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. என் ஸ்கீக்கள் ஒவ்வொரு மிதிக்கும் பனியைப் பற்றிக்கொண்டன; மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறினேன். அவருக்கு ஒரு அடி முன்னே என்றால் முக்கால் அடி பின்னே. சறுக்கிச் சறுக்கிக் கைகளால் கோலை ஊன்றி இழுத்தார். பிறகு மீன்முள் மாதிரி ஸ்கீக்களை வெளிப்பக்கம் விரித்துத் தாறுமாறாக மிதித்து ஏறினார். எப்போதும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் மலை ஏறியிருக்கிறேன். நீலக் கம்பளிச் சட்டையின் முழங்கைத் தையல் எனக்கு மனப்பாடம். இன்று அவருடைய மூச்சு என் பின்னால் கேட்டது. நின்றேன். நிற்பது அவருக்குப் பிடிக்காது என்று நினைத்து மறுபடி நடந்தேன். வேகமாகப் போனால் திமிர், நின்றால் பரிதாபம். எந்த வேகத்தில் போவதென்றே தெரியவில்லை.

எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் நாயின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களைக் கடந்தாள். ஹால்வரைப் பார்த்துக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள்.

"நீலமா தம்பி?"

"ஆமா," என்றார் ஹால்வர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கடைசிவரைக்கும் நீலம். இப்ப நான் நிம்மதியா பசை போடுறேன்." போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கோபித்துக்கொண்டார் என்று திரும்பினால், மனிதர் கோலின் மேல் சாய்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"குழாயக் குடுக்கட்டுமா?"

"குடுக்கக் கூடாது. இவ்வளவு தூரம் அவமானப்பட்டாச்சு, மிச்சத்தையும் பட்டு முடிச்சுடுறேன்."

உச்சிக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். காற்றுப் படாத பாறைப் பக்கமாகப் பனியைக் கொத்தி, இரண்டு பேர் உட்காரக் குழி செய்து, பையிலிருந்த மான்தோல் விரிப்பைப் போட்டேன். அதுவும் எப்போதும் அவர் வேலை. வெயில் முகத்தில் விழுந்தது. ஆரஞ்சை உரித்தேன். அவர் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். மீசையில் வியர்வை உறைந்திருந்தது. காபி குடித்தோம். எதிரே வெள்ளைக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் வானத்தோடு கலந்தன. இதைவிட நல்ல இடம் கிடைக்காது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"இன்னொரு சுளை வேணுமா?" என்றேன்.

"குடுங்க."

அவ்வளவுதான். எல்ஃப்ரித் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற காட்சி கண்முன் வந்தது. அவர் குப்பியை மூடி, வழக்கம் போல என் பைக்காகக் கையை நீட்டினார். உச்சியிலிருந்து ஏரிக்கு இறங்குகிற இடத்துக்கு ஊரில் அழுகுணிச் சரிவு என்று பெயர். செங்குத்தாகப் போய், நடுவில் ஒரு பாறையைச் சுற்றி வளைந்து, மறுபடி செங்குத்தாக விழும். அங்கே நான் ஸ்கீயைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு ஓரமாக நடந்து இறங்குவேன். அவர் என் பையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு, பறந்து போய்க் கீழே காத்திருப்பார். எல்லா வருஷமும் அப்படித்தான்.

நான் பையை என் தோளிலேயே மாட்டினேன். "நான் முன்னால போறேன்."

"நடந்தா?"

"ஸ்கீயிலதான்."

அவர் சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கியது தெரிந்தது. "பாறைகிட்ட உள்பக்கக் காலை நம்பாதீங்க," என்றார்.

நுனிகளை நெருக்கினேன். பின்பக்கத்தை விரித்தேன். மலை என்னை இழுத்தது. இந்த மெல்லிய ஸ்கீக்களுக்கு ஓரத்தில் இரும்பு கிடையாது. குதிகாலுக்குப் பூட்டும் கிடையாது, தூக்கிக்கொள்ளும். ஜனவரியில் போட்ட கலப்பை இதில் பாதிதான் செல்லும். கல்லுச் சர்க்கரை கீழே கரகரவென்று அரைபட்டது. விழுந்துவிடுவேன் என்று நினைத்த நொடியில்தான் பசையின் இழுப்பை உணர்ந்தேன். ஏற்றத்தில் பிடித்த அதே பிடி இறக்கத்திலும் விடாமல், கையைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிடுகிற மாதிரி என்னை மட்டுப்படுத்தியது. பாறை வந்தது. வெளிப்பக்கக் காலில் முழு எடையையும் போட்டேன். காது பக்கத்தில் பாறை ஓடி மறைந்தது. வளைந்துவிட்டேன். வளைந்துவிட்டேன் என்று புரிவதற்குள் அடுத்த இறக்கம், கண்ணில் தண்ணீர், வாய் நிறையக் காற்று, யாரோ ஒரு பெண் நீளமாகக் கத்திக்கொண்டு வருகிற சத்தம். அது நான்தான். பிறகு சரிவு தளர்ந்து, தளர்ந்து, உறைந்த ஏரியின் சமவெளியில் ஸ்கீக்கள் தாமாகவே ஓடி ஓய்ந்தன.

நின்றுகொண்டிருந்தேன். இரண்டு காலில். தரையில் கிடக்கவில்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். மேலே என்னுடைய தடம் கோணலாக, அகலமாக, யாரும் இல்லையென்று சொல்ல முடியாதபடி முழுசாக இறங்கி வந்திருந்தது. அந்த மலையைப் பார்த்து நான் எத்தனை வருஷம் ஓரமாக நடந்திருக்கிறேன். நெஞ்சு இவ்வளவு பெரிதாகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

உச்சியில் ஹால்வர் ஒரு கோலை உயர்த்தினார். கிளம்பினார். ஏற்றத்தில் பிடிக்காத நீல மெழுகு இறக்கத்தில் எண்ணெய்போல வழுக்கியது. அம்பு மாதிரி வந்தார். பாறையை அழகாகச் சுற்றினார். என் தடத்தின் மேலேயே வந்தார். கடைசி மேட்டில் என்னைப் பார்த்துக் கையசைக்க நினைத்ததுதான் தப்பு. ஒரு காலும் ஒரு கோலும் வானத்தில் தெரிந்தன, பிறகு வெறும் பனிப்புகை.

சறுக்கிக்கொண்டே அருகே போனேன். உட்கார்ந்த நிலையில் இருந்தார். சட்டைக் கழுத்து, காது, மீசை எல்லாம் பனி.

"அடிபட்டுச்சா?"

"மானத்துல மட்டும்." தொப்பியைத் தட்டினார். என்னை அண்ணாந்து பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து எனக்கு நினைவில்லை. "ராக்னா, முழுசா வந்துட்டீங்க. நான் மேல நின்னு மூச்சே விடல."

அவருடைய ஒரு ஸ்கீ கழன்று ஏரியின் மேல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. தடுக்கக் கை நீட்டினார், எட்டவில்லை. நான் துரத்திப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மலை இன்னும் என் தொடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. வாய் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி லேசாக இருந்தது. கோல்களைப் பனியில் குத்திவிட்டு அவர் எதிரே மண்டியிட்டேன்.

"ஹால்வர், பனி இல்லாதப்பவும் என்கூட இருங்க. மே மாசம், ஜூன் மாசம், எல்லா மாசமும்."

அவர் ஸ்கீயைப் பார்ப்பதை நிறுத்தினார். அதற்கு நீட்டிய கையை என் பக்கம் நீட்டினார். அது எங்களுக்கு அப்பால், வெயிலில் மின்னிக்கொண்டு, வெள்ளை ஏரியின் மேல் நேர்க்கோடாக இன்னும் போய்க்கொண்டே இருந்தது.