ஐந்து சுற்று, நூறு மீட்டர்

வெள்ளியலைப் படகு மன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துடுப்புப் போடும் அடைக்கலத்துக்கு நீச்சல் தெரியாது. அங்கே வேலை பார்த்த பதினொரு படகோட்டிகளில் ஒருவருக்கும் தெரியாது. கொடைக்கானல் ஏரியில் கால் கட்டைவிரலை வைத்தால் காது வரைக்கும் குளிரும். போதாததற்குக் கரை நெடுக ‘நீந்தத் தடை’ என்று பலகை. சட்டத்தை மதித்தே பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

லைஃப் ஜாக்கெட் இருந்தது. அது சுற்றுலா வந்தவர்களுக்கு. மன்றத்தின் மானேஜர் சேனாதிபதி இதில் கண்டிப்பானவர். “துடுப்புக்காரனே ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு உக்காந்தா டூரிஸ்ட் என்ன நெனைப்பான்? படகு முங்கும்னு நெனைப்பான். கான்ஃபிடன்ஸ் முக்கியம்பா” என்பார். அந்தக் கான்ஃபிடன்ஸைத்தான் படகோட்டிகள் சட்டைக்கு மேல் போட்டிருந்தார்கள்.

முந்தின வருடம் ஜூலையில் ஒருநாள், மிதிபடகின் விசிறியில் சுற்றியிருந்த பாசியை எடுக்கக் குனிந்த, அப்போதிருந்த பன்னிரண்டாவது படகோட்டி பொன்னுச்சாமி, கான்ஃபிடன்ஸோடு தண்ணீருக்குள் போனான். அடைக்கலம் பக்கத்துப் படகில் இருந்தார். நடுவே பன்னிரண்டு அடி. துடுப்பு எட்டு அடி. துடுப்பை நீட்டினார். எட்டவில்லை. பாசியில் மாட்டியிருந்த தன் படகை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. மறுபடி நீட்டினார். பொன்னுச்சாமியின் கை மூன்று தடவை மேலே வந்தது. நான்காவது தடவைக்காக அடைக்கலம் துடுப்பை நீட்டியபடியே நின்றார்.

“நீ என்னப்பா செய்வ, ஒன்னால ஆனதச் செஞ்சுட்ட” என்று எல்லோரும் சொன்னார்கள். பொன்னுச்சாமியின் மனைவி அழகம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ‘அண்ணே, அண்ணே’ என்று வாய் ஓயாதவள். பிறகு மன்றத்து வாசலுக்கு எதிரே மக்காச்சோளம் அவித்து விற்க வந்து உட்கார்ந்தாள். காலையும் மாலையும் அவள் அடுப்பைக் கடந்துதான் அடைக்கலம் போக வேண்டும். அவள் கதிரைப் புரட்டிக்கொண்டிருப்பாள். நிமிர மாட்டாள்.

மன்றமும் சும்மா இருக்கவில்லை. குழு அமைத்தது. நீச்சல் தெரிந்திருந்தால் பொன்னுச்சாமி பிழைத்திருப்பான் என்பதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அறிக்கைக்கு வழவழவென்று நல்ல அட்டை. அதன்படி, வரும் ஜனவரியில் படகோட்டிகள் அனைவருக்கும் நீச்சல் உடற்தகுதித் தேர்வு. மன்றத்தின் படகுத்துறையிலிருந்து எதிர்த்துறை வரை நூறு மீட்டர், நிற்காமல். தேறாதவர் கரை வேலைக்கு.

“பயிற்சி எங்கங்க சார்?”

அதற்கும் சேனாதிபதி ஏற்பாடு செய்திருந்தார். கூட்ட அறையில் பெஞ்சுகளைப் போட்டு, அவற்றில் குப்புறப் படுக்கவைத்து, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக் கையும் காலும் அடிக்கச் சொன்னார்கள். மூன்று நாள். கடைசியில் சான்றிதழ். பெஞ்சிலிருந்து ஒருவர் விழுந்ததைத் தவிர வேறு ஆபத்து எதுவும் நேரவில்லை.

நாற்பத்தொன்பது வயதில் கரையில் நின்று டூரிஸ்டுகளுக்கு ஜாக்கெட் மாட்டிவிடும் சோலி அடைக்கலத்துக்கு வேண்டாம்தான். ஆனால் அவரை அரித்தது அது இல்லை. தேறிவிட்டால் அந்த அடுப்புக்கு முன்னால் போய் நிற்கலாம். ‘இனிமே ஒருத்தன் விழுந்தா நான் குதிப்பேன் தாயி’ என்று சொல்லலாம். அதைக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு தடவை ‘அண்ணே’ என்றால் போதும்.

பெஞ்சை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று, வார விடுமுறையான செவ்வாய்தோறும் வெள்ளனே எழுந்து பழனி பஸ்ஸைப் பிடித்தார். ஆயக்குடிப் பக்கத்தில் அவர் மனைவியின் தங்கை ஷைலா கொய்யாத் தோட்டம் வைத்திருந்தாள். தோட்டத்தில் கிணறு இருந்தது. ஷைலாவுக்கு நீச்சலும் தெரியும், வாயும் உண்டு.

“இருவத்திரெண்டு வருசமா தண்ணி மேலயே ஒக்காந்து சாப்ட்டீங்களே மாமா, ஒருநா கூடவா உள்ள எறங்கிப் பாக்கணும்னு தோணல?”

“சிரிக்காத. கயித்த இறுக்கிக் கட்டு.”

முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி இறக்கினாள். அடைக்கலம் கிணற்றுப்படியைக் கட்டிக்கொண்டு “மாதாவே” என்றார்.

“மாதாவுக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீங்க காலை அடிங்க.”

ஐந்தாவது வாரம் அவருக்குத் தெரியாமல் முடிச்சைத் தளர்த்திவிட்டாள். கேன் கழன்றது தெரியாமலே மாமா முக்கால் கிணற்றை நீந்தினார். எதிரே தனியாக ஒரு கேன் மிதந்து வருவதைப் பார்த்தார். அது தன்னுடையது என்று புரிந்த நொடியில் கல்லாக உள்ளே போனார். தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய ஷைலா, “தண்ணி ஒங்கள முக்கல மாமா, கண்ணுதான் முக்குச்சு. இனிமே கண்ண மூடிக்கிட்டு நீந்துங்க” என்றாள்.

அன்றிலிருந்து அவர் கண்ணைத் திறக்கவில்லை. வலது விரல் நுனி கிணற்றுச் சுவரை உரசும். சுவர் எப்படி வளைகிறதோ அப்படி உடம்பும் இடப்பக்கமாக வளையும். ஷைலாவின் புருஷன் சொட்டுநீர்க் குழாயால் கிணற்றைச் சுற்றி அளந்து, ஐந்து சுற்றுக்கு நூறு மீட்டர் என்று கணக்குச் சொன்னான். நவம்பரில் ஐந்து சுற்று ஆனது. டிசம்பரில் எட்டு. மலையடியில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே, மேலே ஏரியில் தாங்குமா என்று யோசித்து, தினம் விடியலில் வீட்டுக் கொல்லையில் நான்கு வாளி பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தவரை எதையும் விட்டுவைக்கவில்லை.

தேர்வு நாளில் ‘நீந்தத் தடை’ பலகையின் மேலேயே ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் சேனாதிபதி நெற்றிக்கு மேல் நீச்சல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். நேரில், படகுத்துறையில், ரிப்பன் வெட்டி ஏரியைத் திறந்து வைத்தார். அரை டவுசரோடு படகோட்டிகள் வெடவெடத்து நிற்க, நாற்பது நிமிடம் உயிரின் மதிப்பைப் பற்றிப் பேசினார். பேசும்போது லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். துறையின் விளிம்பு வழுக்குமாம்.

ஆறு பேர் டாக்டர் சீட்டைக் கொடுத்து ஒதுங்கினார்கள். இரண்டு பேர் பத்தடியில், காவலுக்குக் கூடவே வந்த படகிலிருந்து வீசிய கயிற்றைப் பிடித்துத் திரும்பினார்கள். எங்கேயோ போய்க் கற்று வந்திருந்த இளவட்டங்கள் இருவர் எதிர்த்துறையைத் தொட்டார்கள். கடைசியாக அடைக்கலம்.

இறங்கும் முன் திரும்பிப் பார்த்தார். அழகம்மாள் அடுப்பை விட்டுவிட்டுக் கம்பி வேலியோரம் வந்து நின்றிருந்தாள்.

குளிர் நெஞ்சைப் பிடித்தது. வாளித் தண்ணீரை நினைத்துக்கொண்டார். விட்டது. கண்ணை மூடினார். கை போட்டார். வலது விரல் சுவரைத் தேடியது. சுவர் இல்லை. பரவாயில்லை, உடம்புக்கு வழி தெரியும் என்று போய்க்கொண்டே இருந்தார்.

கரையிலிருந்து கூச்சல் கேட்டது. “ஏலே, சோத்தாங்கைப் பக்கம்! சோத்தாங்கைப் பக்கம் போப்பா!” காதுக்குள் தண்ணீர். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வெரசாக அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் முழங்காலில் பாசி உரசியது. அவருக்குத் தெரியும். அந்த ஏரியில் பாசி எங்கே என்று இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். இங்கேதான். கண்ணைத் திறந்தால் முழுகிவிடுவோம் என்று இறுக்கிக்கொண்டார். பாசி தொடையைப் பிடித்து, இடுப்பைத் தடவி, விட்டது. அவர் நிற்கவில்லை. எத்தனை சுற்று என்ற எண்ணிக்கை மட்டும் தவறிப்போனது.

கை பலகையில் மோதியது. எதிர்த்துறை! கண்ணைத் திறந்தார்.

முன்னால் சேனாதிபதியின் ஷூ.

ஏரியில் பெரிய வட்டம் ஒன்று போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். கரையில் ஒரே சிரிப்பு. “கெணத்துத் தவளைய ஏரில விட்டா இப்பிடித்தான்யா!” என்றான் ஒருவன்.

“நூத்தம்பது மீட்டருக்குக் கொறையாது சார்” என்றார், டாக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றுப் படகில் ஏறியிருந்த இராமலிங்கம். “நடுவுல ஒரு எடத்துலகூட நிக்கலைங்க. எழுதுங்க சார்.”

சேனாதிபதி படிவத்தைப் புரட்டினார். மனசு இல்லாமல் இல்லை. இடம்தான் இல்லை. “எதிர்த்துறையை அடைந்தாரா, ஆம் அல்லது இல்லை. ‘திரும்பி வந்துட்டார்’னு இதுல கட்டம் இல்லையேப்பா” என்றவர், ‘இல்லை’ என்பதை அழகாக வட்டமிட்டார். நாளையிலிருந்து ஜாக்கெட் அறை.

அடைக்கலம் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். அடுப்புக்கு முன்னால் கால் தானாக நின்றது. சொல்ல வைத்திருந்த வார்த்தை, பல் தந்தியடித்ததில் வெளியே வரவில்லை.

அழகம்மாள் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் ஏரியைப் பார்த்தாள். பாசி கிடக்கும் அந்த மூலை வரைக்கும் பார்வை போய்விட்டு வந்தது.

“எம்புட்டுத் தூரம் போயிட்டு வந்துட்டீங்கண்ணே” என்றாள்.

பதினெட்டு மாதம். அடைக்கலத்துக்குக் கண் நிறைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“அன்னைக்குப் பன்னெண்டு அடிதானண்ணே.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்பது போலச் சொன்னாள். ஆவி பறக்கும் கதிர் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்து வந்த டூரிஸ்டைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் மைக்கில் சேனாதிபதி நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். கதிர் சுட்டது. அதைத் தின்னவும் தோன்றாமல், கீழே வைக்கவும் தோன்றாமல், அடைக்கலம் கையை நீட்டியபடியே நின்றார்.