பக்கத்துக் கட்டில்

ராத்திரி தூக்கத்தில் அவள் பேசித்தான் இருக்க வேண்டும், வேறென்ன, இல்லாவிட்டால் டாக்டரம்மா எதற்கு அந்த மேசைக்குப் போய் வழிகாட்டிப் பெண்ணின் காதோரம் குனிந்துகொண்டு உட்கார வேண்டும், நேற்று வேனிலிருந்து இறங்கியதிலிருந்து ஒட்டிக்கொண்டே திரிந்தவர், வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஆரம்பித்து மூன்று மருமகன்களின் குணம் வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னவர், காலையில் கண் விழித்ததும் ஒரு மாதிரி பார்த்தாரே, வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார், நீங்க குளிச்சிட்டு வாங்க நான் முன்னாடி போறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்... அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும், கல்யாணமான வருஷத்திலிருந்து தெரியும். ரொட்டியில் வெண்ணெய் தடவின இடத்திலேயே தடவிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும் போகிற சுற்றுலா, அதுவும் தனியாக வருகிறவர்கள் மட்டும், மொத்தமே எட்டுப் பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி, ஓர் அறைக்கு இரண்டு பேர், எல்லாம் மகள் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு, துணைக்கு ஆள் இருக்கும்மா பயப்படாதே என்று வேறு சொல்லி அனுப்பினாள். துணைக்கு ஆள் இருப்பதுதான் பயம் என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி முழுக்கக் கண்ணை மூடக்கூடாது என்றுதான் படுத்தாள். பக்கத்துக் கட்டிலில் டாக்டரம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரைக்கும் நிம்மதி, லாரி மேடேறுகிற மாதிரி குறட்டை, அது ஓடுகிறவரை யார் என்ன பேசினாலும் காதில் விழாது, அது நின்றபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். விடிகிற நேரத்தில் எப்போதோ அசந்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன உளறித் தொலைத்தாளோ தெரியவில்லை.

தூக்கத்தில் தனக்கு வாய் உண்டு என்பதே கல்யாணமாகி நாலைந்து மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. ராத்திரி என்னவோ சொன்னியே என்றார் வீட்டுக்காரர், பல் தேய்த்துக்கொண்டே. என்ன சொன்னேன் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, ஏதோ முணுமுணுத்தே என்று வாயைக் கொப்பளித்தார். அவருக்கு எடை அளவை ஆய்வாளர் வேலை, கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பது, ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற மனுஷன், பொய் என்று ஒன்று சொல்ல நேர்ந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதற்கப்புறம் அவள் கேட்டபோதெல்லாம் கண்ணாடியைத் துடைத்தார். சும்மா சொல்லுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒரு தடவை சாப்பிடாமல்கூடப் படுத்தாள், ஒண்ணுமில்லம்மா என்று மென்று முழுங்கினார். சொல்ல முடியாத அளவுக்கு என்ன சொல்லியிருப்பாள்? அப்புறம் மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம் ஒரு நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுத்தார், மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம், ஹாலிலும் மின்விசிறிதான் சுற்றியது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று அந்த வயதில் பயம் வந்துவிட்டது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும், உள்ளே என்ன கிடக்கிறது என்று. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஒரே நாற்காலி, ஒரே குரல், வணக்கம், ஒரு நிமிஷம் இருங்க, இணைக்கிறேன்... குழந்தை பிறந்த வீட்டுக்காரனும் அந்தக் குரலைத்தான் கேட்டான், ஆள் போய்விட்ட வீட்டுக்காரனும் அதே குரலைத்தான் கேட்டான், குடித்துவிட்டுக் கண்டபடி திட்டியவனுக்கும் அதே இணைக்கிறேன்தான். பகலெல்லாம் விழுங்கியது எங்கே போகும்? வேறோர் ஊரில் புது ஆஸ்பத்திரி திறந்து, தலைமை ஆபரேட்டராக வருகிறாயா என்று அவளைக் கேட்டார்கள், உன் இஷ்டம் என்றார் வீட்டுக்காரர், உன் இஷ்டம் என்று அவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த அவள் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டாள், கொடுத்துவிட்டுக் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனசுக்குள்ளேயே அவரை நிறுத்திவைத்துக் கிழித்தாள், ஒத்திகை பார்த்த மாதிரி, வார்த்தையைத் தேடித் தேடி. அதெல்லாம் ராத்திரி வாய் வழியே கொட்டியிருக்கும். அதனால்தான் பகலில் அவர் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், நல்ல துண்டாகப் பார்த்து அவர் தட்டில் போட்டாள், அபராதம் கட்டுகிற மாதிரி. அவர் போன பிறகு படத்துக்கு முன்னால் நின்று, நான் என்ன சொல்லியிருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க என்று சொல்லியும் பார்த்தாயிற்று. மகள் வீட்டுக்குப் போனால் ஒரு ராத்திரி தங்குவதில்லை, கடைசி பஸ்ஸைப் பிடித்தாவது திரும்பிவிடுவாள், அம்மாவுக்கு வீட்டை விட்டால் இருப்புக்கொள்ளாது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவம், அதன் நினைப்பு அப்படியே இருக்கட்டும்.

அங்கே டாக்டரம்மா காதைத் தொட்டுக் காட்டினார், பிறகு முகவாயால் இந்த மேசைப் பக்கம் காட்டினார், வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள், போயிற்று, மானம் போயிற்று, இன்னும் அரை மணியில் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும், அந்தக் கப்பல்காரர் இருக்கிறாரே, ஊர் ஊராகக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவர் காதில் விழுந்தால் கரை சேரும்வரை கதைதான். பெண் எழுந்து வந்தாள், கையில் காபிக் கோப்பை, முகத்தில் சிரிப்பு, அந்தச் சிரிப்பை அவள் அறிவாள், அது அவளுடைய இணைக்கிறேன்தான். "அம்மா, இன்னிக்குப் போற ஊர்ல ஒரு தனி ரூம் கூடுதலா கிடைக்குது. முதல்ல உங்களைக் கேக்கச் சொன்னாங்க டாக்டரம்மா" என்றாள். கேட்கச் சொன்னாராம்! துரத்துவதற்கு எவ்வளவு மரியாதையான வழி. அவள் கத்தியைக் கீழே வைத்தாள், குரல் தானாக வந்தது, பழைய குரல், நடுக்கமில்லாமல், எனக்கே கொடுத்துடுங்க, ரொம்ப நன்றி என்று. பெண்ணும் சந்தோஷமாகப் போனாள். இத்தனை நேரமும் ரொட்டி அப்படியே இருந்தது.

தனி அறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வழியில் எங்கேயாவது பஸ் நிலையத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட வேண்டும், மகளிடம் வயிறு சரியில்லை என்றால் போதும், அவளும் இரண்டு நாள் பதறிவிட்டு விட்டுவிடுவாள்... பெட்டியில் துணியை அடுக்கும்போது பக்கத்துக் கட்டிலைப் பார்க்காமல் அடுக்கினாள். பார்த்தாள். போர்வை ஒழுங்காக மடித்திருந்தது. அதன்மேல் அவளுடைய கண்ணாடிக் கூடு, குளியலறையில் மறந்துவைத்தது, டாக்டரம்மாதான் எடுத்துவந்து கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும், வேண்டாதவர் இதைச் செய்வாரா? செய்வார், பல் டாக்டர்தானே, பிடுங்குவதற்கு முன்னால் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கிற ஜாதி. வேனில் கடைசிக்கு முந்தைய இருக்கையில் போய் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்தாள், பையைப் பக்கத்தில் வைத்தாள், யாரும் உட்கார வேண்டாம் என்று. டாக்டரம்மா வந்து பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வேன் கிளம்பி, கடைகள் முடிந்து, மரங்கள் வர ஆரம்பித்தும் அவர் பேசவில்லை, இவ்வளவு நேரம் அந்த வாய் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை, சொல்லத்தான் போகிறார், எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிறார், சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும், சொல்லாமல் விட்டால் செத்தே போய்விடுவாள்...

"தனி ரூம் கேட்டுட்டீங்களாமே" என்றார் கடைசியில், பையின் வாரைத் திருகிக்கொண்டே. "என் குறட்டைதானே. எனக்குத் தெரியும். மூணாவது டூர் இது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டாவது நாளே பக்கத்துக் கட்டில் காலி. நீங்களா வாய் திறந்து கேக்கமாட்டீங்க, அதான் நானே முந்திக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்."

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை, குறட்டையா, காலையில் பார்த்த பார்வை குறட்டைக்காகவா, காதைத் தொட்டதும் அதற்கா, ராத்திரி முழுக்க அவள் நிற்காதே நிற்காதே என்று வேண்டிக்கொண்டிருந்த குறட்டைக்காகவா இந்த மனுஷி கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறார்? உங்க குறட்டை எனக்கு நிம்மதியா இருந்துச்சு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவர் நம்பவில்லை, அது முகத்தில் தெரிந்தது. அப்படியானால் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, தப்பித்தாள், இதோடு விட்டுவிடலாம், அழகாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வரலாம். யார் கேட்கச் சொன்னார்கள் அவளை? ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது, விழித்திருக்கும்போதே.

"ராத்திரி நான் ஏதாவது பேசினேனா?"

"பேசல" என்றார் டாக்டரம்மா. முகம் கொஞ்சம் தெளிந்தது. "சிரிச்சீங்க."

"சிரிச்சேனா?"

"சும்மா இல்ல, விழுந்து விழுந்து. போதும், போதும், வயிறு வலிக்குதுன்னு வேற. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, எதுக்குன்னு தெரியாமலே நானும் படுத்துக்கிட்டு சிரிச்சேன். காலையில சொல்லலாம்னுதான் பார்த்தேன். சொன்னா நீங்க கூச்சப்பட்டு நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்."

சிரித்தாளாம்... வயிறு வலிக்கச் சிரித்தாளாம், அவள், எந்தச் சிரிப்பு அது, எங்கே இருந்தது, சிரிப்பு வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்கிறவள், வேலை அப்படி, எந்த நேரம் எந்த வீட்டுத் துக்கம் மறுமுனையில் இருக்குமோ என்று பயந்து பயந்து சிரிப்பே மறந்து போனவள். ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் கடைக்காரர்களின் கதையைச் சொல்வாரே, தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்தவன் மாட்டிக்கொண்டு, புளி தானாக வந்து ஒட்டிக்கொண்டது சார் என்று சத்தியம் செய்தானாம், சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், எதற்கோ காத்திருக்கிற மாதிரி, அவள் ம் என்பாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பாள், தட்டில் போடுவாள். அப்புறம் அப்புறம் கதை சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். அன்றைக்கும் சிரிப்புதானா, இல்லை அன்றைக்குத் திட்டுதான், சிரிப்பெல்லாம் அவர் போன பிறகு வந்ததா? அப்படி இருந்தால் அது இன்னும் மோசமில்லையா? சிரிப்பாகவே இருந்திருந்தால் ஏன் சொல்லவில்லை, எழுந்து ஏன் போனார், யாரோடு சிரிக்கிறாள் என்று நினைத்தாரா, தன்னோடுதான் என்று நினைத்தாரா, யாரிடம் போய்க் கேட்பது, யார் இணைத்துக் கொடுப்பார்கள் அந்த லைனை. முன்னால் வழிகாட்டிப் பெண் போனைக் காதில் வைத்தபடி திரும்பி, அம்மா, தனி ரூம் உறுதிதானே, சொல்லிடட்டுமா என்றாள். டாக்டரம்மா பையின் வாரைத் திருகுவதை நிறுத்தினார். அவள் பதில் சொல்ல வேண்டும், சொல்வாள், ஒரு நிமிஷம் இருங்க... ஹாலில் படுக்க ஆரம்பித்த பிறகு அவர் தினமும் கேட்டது ஒன்றே ஒன்று, உள்ரூம் கதவு திறந்தே இருக்கட்டுமே என்று. காற்றுக்காகக் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் விளக்கை அணைத்துத் திரும்பிப் படுக்கிறவரை காத்திருந்து, ஓசைப்படாமல் எழுந்துபோய், அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் அவள்தான் சாத்தினாள்.