இரட்டைக் கோடு

டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடிக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டுமாம். பி.காம். படித்த எனக்கு உயிரியல் என்றால் பத்தாம் வகுப்பில் தவளைப் படம் வரைந்ததோடு சரி. அதனால் 2007-இல், ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் முதலாண்டு உயிரியல் பாடத்தை இன்டர்நெட்டில் படிக்கச் சேர்ந்தேன். அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை பிறந்ததும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பது என் திட்டம். வேங்கிக்காலில் பஸ் ஏறி செங்கம் ரோடு போவேன். அங்கே ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காக நடத்தும் பிரவுசிங் சென்டரில்தான் பாடம் திக்காமல் ஓடும்.

ஏழாம் பாடம் பரம்பரை. சொந்தக் குடும்பமோ கற்பனைக் குடும்பமோ, ஒரு நோயை எடுத்துக்கொண்டு மூன்று தலைமுறைக்கு வரைபடம் போட வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு.

எங்கள் வீட்டில் அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை. 'கழுத்து நிக்காத புள்ள' என்பார்கள். பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும். நாலாம் மாதத்தில் தலை துவளும். ஒரு வயதுக்குள் போய்விடும். பட்சி தோஷம், திருஷ்டி என்று காரணங்களுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு அப்படி ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அம்மாவுக்கு, எனக்கு முன்னால் ஒரு பெண். மூவரையும் கறுப்பாக்கினேன். பிறகு 'மணி' என்று என்னை ஒரு வட்டமாக வைத்து என் கணவர் இளவரசனோடு கோடு இழுத்தேன். அவர் என் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி. ஆயாவின் பிள்ளைகள் வரிசையில் அவருக்கு ஏற்கெனவே ஒரு கட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் சிவப்பெழுத்தில் கோபித்துக்கொண்டது: ஒரே ஆள் இரண்டு இடத்தில் வர முடியாது, திருத்தவும்.

வர முடியாதாமே! எங்கள் தெருவில் பாதிப் பேர் இரண்டு இடத்தில்தான் இருக்கிறார்கள். எரிச்சலோடு வாத்தியாருக்கு மெயில் தட்டினேன்: 'இங்கே தாய்மாமனைக் கட்டுவது வழக்கம். தப்பு உங்கள் கம்ப்யூட்டரில்.'

மறுநாள் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. இரத்த உறவில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு போட வேண்டுமாம். 'அருமையான கற்பனைக் குடும்பம்' என்று பாராட்டிவிட்டு, கூடுதல் மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வியும் வைத்திருந்தார். இந்த இருவருக்கும் ஒரு குழந்தை பிறந்தால், அது கறுப்பாக இருக்க வாய்ப்பு என்ன?

கணக்கில் நான் புலி. நன்றாக இருப்பவர்களும் நோயை உள்ளே சுமக்கலாம். மாமா சுமக்க மூன்றில் இரண்டு, நான் சுமக்க மூன்றில் இரண்டு, இருவரும் சுமந்தால் பிள்ளைக்கு நாலில் ஒன்று. பெருக்கி, ஒன்பதில் ஒன்று என்று அனுப்பினேன். முழு மதிப்பெண். திரையில் ஒரு மஞ்சள் பொம்மை கைதட்டியது. வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாதாமாதம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைங்களுக்கு என்ன நோயின்னு அப்பவே கண்டுபுடிச்சிருந்தா இப்ப டெஸ்ட் பண்ணலாம்மா. ஒண்ணுமே தெரியாம எதைத் தேடறது? பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்றால், பிறந்த நாளிலிருந்து அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பேப்பரை அவள் முன்னால் போட்டு, கறுப்பு யார் யார் என்று விரல் வைத்துச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"இது நம்ம ரத்தத்துல ஓடுதும்மா. உனக்குத் தெரியுமா?"

"ரத்தமெல்லாம் எனக்கென்னாடி தெரியும்? நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கு இப்பிடிப் பொறக்கும்னு தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா என்னய மாமாவுக்குக் குடுத்த? போளூர்லேந்து வாத்தியார் மாப்ள வந்தாங்களே, அவங்கள ஏன் வேணான்ன?"

"அதனாலதான்டி வேணான்னேன்." அம்மா குரலை ஏற்றவேயில்லை. "உங்கக்கா செத்தப்ப, தூரத்து ஒறவா இருந்தும், ஆவாத புள்ளய பெத்தவன்னு உங்கப்பன் என்னத் தொரத்திட்டான். எட்டு மாசம் எங்கம்மா வூட்ல கெடந்தேன். அசல்ல குடுத்தா உன்னயும் அப்பிடித்தான அனுப்புவான்? என் தம்பின்னா அனுப்பமாட்டான். எது பொறந்தாலும் உன்ன வெச்சிக் காப்பாத்துவான்."

என் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அசல்ல குடுத்திருந்தா இவ்ளோ பயம் இல்லம்மா! அவரும் நானும் ஒரே ரத்தம். அதனாலதான் இந்தப் புள்ளைக்கு ஆபத்து."

அம்மா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டுப் பேப்பரை எடுத்தாள். அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ, நான்தான் பண்ணனா மணி?"

இல்லம்மா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, சொல்லவில்லை.